கத்தியும் கருணையும்: தியோடோர் கொக்கரின் வாழ்க்கை

வெற்றியாற் புகழ் பெற்றோரை உலகம் நன்கு அறியும். தாம் பெற்ற வெற்றியைத் தாமே ஐயுற்று, அதன் பின்விளைவைத் தேடிச் சென்று கண்டு, கண்ட தீமையை மறைக்காது அறிஞர் அவையில் எடுத்துரைத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகவே சுவிற்சர்லாந்து நாட்டுச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் தியோடோர் கொக்கரை நான் எண்ணுகிறேன். மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதலாவது சத்திரசிகிச்சையாளர் அவர். அப்பரிசு 1909ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. ஆயினும், அவருடைய பெருமையைப் பரிசைக் கொண்டு அளப்பதிலும், 1883ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு செயலைக் கொண்டு அளப்பதே முறை என்பது என் துணிபு. அச்செயல் யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

கழுத்தின் முற்புறத்தில், மூச்சுக்குழலைத் தழுவியவாறு, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்திருப்பது தைரொயிட் சுரப்பி. அது பருத்துக் கழலையாகும்போதும், அதில் புற்று தோன்றும்போதும், வைத்தியர் அதனை அகற்றுவது இன்று வழக்கமான சிகிச்சை. அகற்றிய பின் அவர்கள் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, இந்நோயாளியின் குருதியில் கல்சியம் குறையுமா, குறையாதா என்பது. கழுத்திலே செய்யும் சிகிச்சைக்கும் குருதியிலுள்ள கல்சியத்துக்கும் யாது தொடர்பு? அதனை முன்கூட்டியே அறிய வேண்டிய தேவை எங்ஙனம் எழுந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடுபவர் ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் சென்று கொக்கரின் சத்திரசிகிச்சைக் கூடத்து வாயிலில் நிற்க வேண்டியவராகிறார்.

இளமையும் கல்வியும்

கொக்கர் 1841ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25ஆம் நாள் பேர்ண் நகரிலே பிறந்தார். தந்தையார் பொறியியலாளர். அளவும் கணக்கும் பிழையாது வேலை செய்யும் தொழில் அவருடையது. தாயார் மொறேவியன் திருச்சபையைச் சார்ந்த பக்தி மிகுந்த பெண்மணி. தந்தையிடமிருந்து துல்லியத்தையும் தாயிடமிருந்து மனச்சான்றுக்கு அஞ்சும் இயல்பையும் மைந்தர் பெற்றார் எனக் கூறின் அது மிகையாகாது. வாழ்நாள் முழுவதும் இவ்விரண்டு பண்புகளும் அவரிடத்தே இணைந்து நின்றன.

பேர்ண் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் பயின்று 1865ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர், அக்காலத்து இளம் வைத்தியரின் வழக்கப்படி, பேராசான்களை நாடிப் பயணம் புறப்பட்டார். சூரிச்சில் தியோடோர் பில்றொத்தின் சிகிச்சைகளைக் கண்டார். பெர்லினில் லாங்கென்பெக்கின் கூடத்தில் நின்றார். இலண்டன், பாரிஸ் நகரங்களின் வைத்தியசாலைகளையும் பார்வையிட்டார். திரும்பி வந்து, பேர்ணில் கெயோர்க் லூக்கே என்னும் பேராசிரியரின் உதவியாளராக அமர்ந்தார். 1869ஆம் ஆண்டில் திருமணம் செய்து கொண்டார். பிறந்த மூன்று புதல்வருள் மூத்தவரான அல்பேர்ட் பிற்காலத்தில் தந்தையின் துறையிலேயே அவருக்குத் துணைநின்றார்.

1870ஆம் ஆண்டளவில், தோள்மூட்டு விலகியவரின் கையை மெல்லத் திருப்பி மூட்டைப் பழைய நிலைக்குக் கொணரும் முறை ஒன்றைக் கொக்கர் வெளியிட்டார். பலர் சேர்ந்து இழுத்து வருத்திய இடத்தில், எலும்பின் அமைப்பையும் தசையின் போக்கையும் அறிந்த இரண்டு கைகள் போதும் என்று அவர் காட்டினார். வலிமையால் ஆகாததை அறிவால் ஆக்குவது அவர் வழி என்பதற்கு இதனை முதற் சான்றாகக் கொள்ளலாம்.

பேராசிரியர் பதவி

1872ஆம் ஆண்டில் லூக்கே ஸ்ராஸ்பேர்க் நகருக்குச் செல்ல, பேர்ணின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பதவி வெற்றிடமாயிற்று. மருத்துவ பீடத்தார் ஜெர்மன் நாட்டறிஞர் ஒருவரையே விரும்பினர். கொக்கருக்கு அப்போது வயது முப்பது. உள்ளூர் இளைஞர் ஒருவர் அத்துணை உயர்ந்த ஆசனத்தில் அமர்வதோ என்ற தயக்கம் மூத்தோரிடம் இருந்தது போலும். ஆயின் மாணவர் அவர்பால் நின்றனர். நகரத்து மக்களும் அவருக்காகக் குரல் கொடுத்தனர். பில்றொத், லாங்கென்பெக் ஆகிய பேராசான்களும் அவரைப் பரிந்துரைத்தனர். இறுதியில் அரசாங்க சபை கொக்கரையே நியமித்தது. அன்று ஏற்ற பொறுப்பை நாற்பத்தைந்து ஆண்டுகள், தம் இறுதி நாள்வரை, அவர் விடவில்லை. பெரு நகரங்கள் சில அவரை அழைத்தபோதும் பிறந்த ஊரை விட்டு அவர் அகலவுமில்லை.

அஞ்சத்தக்க சிகிச்சை

பேர்ண் மாநிலம் மலைநாடு. பனியாறுகள் கழுவிச் சென்ற அந்நாட்டு மண்ணில் அயடின் மிகக் குறைவு. அதனால் கழலை அங்கே ஊர்தோறும் காணப்பட்டது. கொக்கர் தம் மாணவரைத் துணைக்கொண்டு மாநிலத்துப் பள்ளிச் சிறாரின் கழுத்துகளைச் சோதித்து, கழலை எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை 1889ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். (எமது இலங்கையிலும் ஈரவலயப் பகுதிகளில் இந்நோய் நெடுங்காலம் நிலவியதும், 1990களில் உப்புக்கு அயடின் சேர்க்கும் விதி வந்ததும் வாசகர் அறிந்தவையே. சுவிற்சர்லாந்து அவ்வழியை 1922ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.)

கழலை அழகைக் கெடுப்பதோடு நிற்பதன்று. பெருத்தால் மூச்சுக்குழலை நெரிக்கும். கத்தியால் அகற்றுதலே வழி. ஆனால் அவ்வழியில் இறங்க எவரும் துணியாத காலம் அது. தைரொயிட் சுரப்பிக்கு வந்து சேரும் குருதிக் குழாய்கள் பல. ஒன்று அறுந்தாலும் குருதி பெருகிக் காயத்தை மூடும். கைக்கு என்ன அகப்படுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. 1866ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளர் சாமுவேல் குறொஸ், அறிவுள்ள எவனும் இவ்வேலையில் இறங்கான் என்றும், இது வெறுங் கொலைத் தொழிலே என்றும் பொருள்பட எழுதினார். பில்றொத் சூரிச்சில் கழலைச் சிகிச்சை செய்த இருபது நோயாளருள் எண்மர் இறந்தனர். அப்பெருமகனும் மனம் தளர்ந்து சில ஆண்டுகள் இச்சிகிச்சையைக் கைவிட்டார்.

இந்நிலையை மாற்றியவை மூன்று. நோயாளியை உணர்விழக்கச் செய்யும் ஈதர், குளோறபோம் என்னும் மருந்துகள் 1840களில் வந்தன. காயத்தில் கிருமி புகாது காக்கும் முறையை லிஸ்ரர் 1867ஆம் ஆண்டில் வெளியிட்டார். குருதிக் குழாயை அறுக்குமுன் பற்றி அடக்கும் இடுக்கிகள் செம்மை பெற்றன. இம்மூன்றையும் ஒருங்கே கையாண்டு, அவற்றோடு தமது பொறுமையையும் சேர்த்தவர் கொக்கர். அவர் பெயர் தாங்கிய இடுக்கி இன்றும் உலகெங்கும் சத்திரசிகிச்சைத் தட்டுகளில் இருக்கிறது.

அக்காலத்துச் சத்திரசிகிச்சையாளர் பலர் விரைவைத் திறமையென மதித்தனர். கொக்கர் விரைந்திலர். ஒவ்வொரு குழாயாகத் தேடினார், பற்றினார், கட்டினார், பின்னரே அறுத்தார். தசையைக் கிழியாமல் விலக்கினார். நேரம் நீண்டது, ஆனால் காயம் வெண்மையாக, அமைப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாறு விளங்கிற்று. கழுத்தின் கீழ்ப்புறத்தில், அணிகலன் மறைக்கும் வண்ணம், குறுக்காக வளைத்து வெட்டும் முறையையும் அவர் பரவச் செய்தார். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு இறப்பு குறைந்து வந்தது. 1912ஆம் ஆண்டளவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கழலைச் சிகிச்சைகள் அவர் கூடத்தில் நிறைவேறியிருந்தன. இறந்தோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு.

மீண்டும் அழைக்கப்பட்ட நோயாளர்

இனி, நான் முன்னர்க் குறித்த செயலுக்கு வருகிறேன்.

1874ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழலையைக் கொக்கர் அகற்றினார். சுரப்பி முழுவதையும் ஒரு துணுக்கும் எஞ்சாமல் எடுத்தார். எஞ்சினால் கழலை மீண்டும் வளருமன்றோ? சிகிச்சை வெற்றி. காயம் ஆறிற்று. சிறுமி வீடு சென்றாள். சில காலத்தின் பின், அவளை அனுப்பி வைத்த வைத்தியரிடமிருந்து செய்தி வந்தது: குழந்தையின் இயல்பு மாறிவிட்டது, துள்ளித் திரிந்தவள் சோர்ந்து, மந்தமாகி, பேச்சும் நடையும் தளர்ந்து காணப்படுகிறாள். அச்செய்தியின் முழுப்பொருள் அப்போது எவருக்கும் துலங்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1882ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஜெனீவாவில் நடந்த மகாநாடொன்றில், அந்நகரத்துச் சத்திரசிகிச்சையாளர் ஜாக் லூயி றெவர்டன், சுரப்பியை முற்றாக அகற்றிய தம் நோயாளர் சிலர் பின்னர் மந்தமடைந்ததைக் கொக்கரிடம் தெரிவித்தார். கேட்ட கொக்கரின் உள்ளத்தில் அச்சிறுமியின் நினைவு எழுந்திருத்தல் வேண்டும்.

அவர் செய்யக் கூடியவை பல இருந்தன. றெவர்டனின் நோயாளருக்கு வேறு காரணம் கற்பித்திருக்கலாம். தம் புகழ் ஓங்கி வரும் வேளையில் பழைய ஏடுகளைப் புரட்டாது விட்டிருக்கலாம். அவர் அங்ஙனம் செய்யவில்லை. சுரப்பியை முற்றாக அகற்றிய தம் நோயாளர் அனைவருக்கும் கடிதம் விடுத்து, மீண்டும் வருமாறு அழைத்தார். அத்தகையோர் முப்பத்து நால்வர். அவருள் பதினெண்மரை நேரிற் காணக்கூடியதாயிற்று. பதினாறு பேர் நலங் கெட்டிருந்தனர். முகம் தடித்து, தோல் வரண்டு, கைகால் குளிர்ந்து, நினைவு மந்தித்து, இளையோராயின் வளர்ச்சி நின்று போயிருந்தனர். அச்சிறுமியும் வந்தாள். சிகிச்சைக்கு முன் தங்கையோடு அவள் சேர்ந்து நின்ற ஒளிப்படம் ஒன்று இருந்தது. இப்போது தங்கை வளர்ந்து குமரியாகி நிற்க, தமக்கையோ குள்ளமாய், வீங்கிய முகத்தினளாய், அவள் தோளளவும் எட்டாதவளாய் நின்றாள்.

1883ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் பெர்லினில் கூடிய ஜெர்மன் சத்திரசிகிச்சையாளர் சங்கத்தின் முன் கொக்கர் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தார். தம் கைத்திறனின் சிகரமென உலகம் போற்றிய அச்சிகிச்சை தம் நோயாளரைக் கெடுத்தது என அங்கே கூறினார். புற்று போன்ற கொடிய நோய் இல்லாதவிடத்துச் சுரப்பியை முற்றாக அகற்றுவதில்லை என்றும் உறுதி பூண்டார். அதே ஆண்டு யூலை மாதத்தில், இழந்ததை ஈடுசெய்யும் நோக்கோடு, இன்னொருவரிடமிருந்து எடுத்த தைரொயிட் இழையத்தை நோயாளி ஒருவரின் உடலில் பொருத்தியும் பார்த்தார். உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் வரலாற்றாசிரியர் இதனை அத்துறையின் தொடக்கமெனக் குறிப்பர்.

அவர் கூறிய காரணம் சரியன்று என்பதையும் சொல்லவேண்டும். மூச்சுக்குழல் சுருங்கியதாலேயே இக்கேடு விளைந்தது என்று அவர் முதலிற் கருதினார். சுரப்பியின் இழப்பே காரணம் என்பதை இலண்டனில் பீலிக்ஸ் செமன் அதே ஆண்டிற் சுட்டினார். 1888ஆம் ஆண்டு அறிக்கை அதனை நிலைநாட்டியது. 1891ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மறே என்னும் ஆங்கில வைத்தியர் ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசியால் ஏற்றி, இந்நோயுற்ற பெண்மணி ஒருவரை நலமடையச் செய்தார். கொக்கரின் விளக்கம் தவறியது. அவர் காட்டிய உண்மை தவறவில்லை. உண்மையை மறைக்காது வைப்பவரின் விளக்கத்தைப் பின்வருவோர் எளிதில் திருத்திக் கொள்வர்.

வியன்னாவில் நிகழ்ந்தது வேறு

பேர்ணில் இவ்வாறிருக்க, வியன்னாவில் நிகழ்ந்தது வியப்பானது. 1867ஆம் ஆண்டில் சூரிச்சை விட்டு வியன்னாவுக்குச் சென்ற பில்றொத், கிருமி தடுக்கும் முறை வந்தபின் கழலைச் சிகிச்சையை மீண்டும் தொடங்கினார். அவருடைய நோயாளர் மந்தமடையவில்லை. அவர்களுக்கு வேறொரு துன்பம் வந்தது. சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் உதடுகளைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவது போன்ற விறுவிறுப்பு. பின்னர்க் கை தானாகவே மடங்கி, விரல்கள் குவிந்து விறைக்கும் இசிவு. கடுமையாயின் குரல்வளை இறுகி மூச்சும் தடைப்படும். பில்றொத்தின் உதவியாளர் அன்ரன் வூல்வ்லர் 1879ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். சிலர் இதனால் உயிரும் இழந்தனர்.

ஒரே சுரப்பி, ஒரே சிகிச்சை, இரண்டு பேராசான்கள், இரண்டு வேறு நோய்கள். கொக்கரின் நோயாளரிடம் இசிவு அரிது. பில்றொத்தின் நோயாளரிடம் மந்தம் அரிது. இது எங்ஙனம்?

இப்புதிருக்கு விடை கூறியவர் அமெரிக்கராகிய வில்லியம் ஹால்ஸ்ரெட். அவர் இருவர் கூடத்திலும் நின்று பார்த்தவர். 1920ஆம் ஆண்டில் எழுதிய கழலைச் சிகிச்சை வரலாற்றில், விடை நோயில் இல்லை, கைகளில் இருக்கிறது என அவர் விளக்கினார். கொக்கர் துப்புரவாக, குருதி சிந்தாமல், சுரப்பியின் உறையை ஒட்டியே சென்று முழுவதையும் எடுத்தார். உறைக்கு வெளியே எதனையும் ஊறுபடுத்தவில்லை. ஆகவே தைரொயிட் முற்றாக நீங்கிற்று, அயலிலிருந்தவை தப்பின. பில்றொத் விரைந்து, குருதிப்பெருக்கைப் பொருட்படுத்தாது வேலை செய்தார். சுரப்பியின் துண்டுகள் சில உள்ளே தங்கின. அயலிலிருந்தவையோ அறுபட்டன, அல்லது குருதியோட்டம் இழந்தன. மிக்க துப்புரவும் தீங்கு செய்தது. மிக்க விரைவும் தீங்கு செய்தது. தீங்கின் வகை மட்டுமே வேறு.

மறைந்திருந்த நான்கு மணிகள்

அயலிலிருந்தவை யாவை? தைரொயிட் சுரப்பியின் பின்புறத்தில், பயற்றம் பருப்பளவில், மஞ்சளும் கபிலமும் கலந்த நிறத்தில், பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியுள்ளன. கொழுப்புத் துணுக்கிலிருந்து அவற்றைப் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் அரிது. அவற்றின் பெயர் பராதைரொயிட்.

1849ஆம் ஆண்டில் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகமொன்றை அறுத்துச் சோதித்த றிச்சார்ட் ஓவன், அதன் கழுத்தில் இச்சுரப்பியைக் கண்டு குறித்து வைத்தார். மனிதரிடத்தில் இதனைக் கண்டவர் சுவீடன் நாட்டு உப்சலா நகரத்து இளைஞர் ஐவார் சான்ட்ஸ்ரோம். மருத்துவ மாணவராயிருந்த காலத்தில் நாயொன்றில் முதலிற் கண்டு, பின் ஐம்பது மனித உடல்களில் தேடி உறுதிப்படுத்தி, 1880ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். உலகம் கவனிக்கவில்லை. 1889ஆம் ஆண்டில் இளமை மாறா வயதிலேயே அவர் மறைந்தார். பில்றொத்தின் நோயாளர் இசிவால் வருந்திய அதே ஆண்டுகளில், அதன் காரணம் உப்சலாவில் அச்சேறிக் கிடந்தது என்பதை எண்ணுந்தோறும் என் மனம் வருந்துகிறது. அறிவு தோன்றுவது மட்டும் போதாது. அது தேவையுள்ளவன் கைக்குச் சேரவும் வேண்டும்.

1891ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு கிளே இச்சுரப்பிகளை மீண்டும் கண்டார். 1896ஆம் ஆண்டில் இத்தாலியராகிய வசாலே, ஜெனராலி ஆகியோர் விலங்குகளில் தைரொயிட்டை விட்டு இவற்றை மட்டும் அகற்ற, இசிவு தோன்றிற்று. 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கலம், வோக்ற்லின் என்னும் இருவர், இச்சுரப்பிகளை இழந்த விலங்கின் குருதியில் கல்சியம் குறைந்திருப்பதையும், கல்சிய உப்பை ஏற்றினால் இசிவு விரைவில் அடங்குவதையும் காட்டினர். கொக்கர் நோபல் பரிசு பெற்றதும் அதே 1909ஆம் ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது. தைரொயிட்டின் கதை முடிசூடிய ஆண்டில் அதன் அயலவரின் கதை தெளிவு பெற்றது.

நரம்பும் தசையும் அமைதியாக இயங்கக் குருதியில் கல்சியம் ஒரு குறித்த அளவில் இருத்தல் வேண்டும். நூறு மில்லிலீற்றர் குருதிநீரில் ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்பது அவ்வளவு. அது குறைந்தால் நரம்புகள் காரணமின்றித் துடிக்கத் தொடங்கும். அளவு குறையாது காப்பது பராதைரொயிட் சுரக்கும் ஓமோன். எலும்பிலிருந்து கல்சியத்தை விடுவித்தும், சிறுநீரிற் போவதைத் தடுத்தும், விற்றமின் டியைச் செயற்படு நிலைக்குக் கொணர்ந்து உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் ஏற்கச் செய்தும் அது இப்பணியை நிறைவேற்றுகிறது.

1883ஆம் ஆண்டின் பின் கொக்கர் சுரப்பியின் ஒரு பகுதியை விட்டு வைத்தார். தைரொயிட்டைக் காக்கவே அவ்வாறு செய்தார். பிற்புறம் எஞ்சியதால் இந்நான்கு மணிகளும் சேர்ந்து காக்கப்பட்டன. ஒரு தவற்றைத் திருத்தப் போய், அறியப்படாத இன்னொரு தவற்றையும் தடுத்தவர் ஆனார்.

முன்னறியும் கலை

கொக்கரின் காலத்தில் இசிவு வந்தபின்னரே வைத்தியர் அதனை அறிந்தனர். காதின் முன்புறத்தில் முகநரம்பைத் தட்டினால் உதடு துடிப்பதைச் சுவொஸ்ரெக் 1876ஆம் ஆண்டிலும், மேற்கையை இறுக்கிக் கட்டினால் விரல்கள் குவிவதை அதற்கும் முன்னர்த் துறூசோவும் குறித்திருந்தனர். அவை நோய் வாசலில் வந்து நின்றபின் தெரியும் அடையாளங்கள். வருமுன் அறிவது எங்ஙனம்?

இக்கேள்வி இன்று முன்னிலும் கூர்மை பெற்றுள்ளது. மாற்று ஓமோன் மாத்திரை வந்துவிட்டமையால், கொக்கர் அஞ்சிக் கைவிட்ட முழு அகற்றலை இக்கால வைத்தியர் மீண்டும் செய்கின்றனர். அவ்வாறு முற்றாக அகற்றியபின் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது நோயாளரிடம் கல்சியம் தற்காலிகமாகக் குறைகிறது. மணிகள் அகற்றப்படாவிடினும், அவற்றுக்குச் செல்லும் நூலிழை போன்ற குருதிக் குழாய் வாடினாலே அவை சில நாள் அல்லது சில கிழமை வேலை நிறுத்தும். மிகச் சிலரிடம், நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை, அக்குறை வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

கல்சியத்தை அளந்து பார்த்தால் போதாதோ எனலாம். இங்கேதான் இடர் உள்ளது. கல்சியம் உடனே குறைவதில்லை. எலும்பெனும் களஞ்சியம் உண்டாகையால் மெல்ல மெல்ல இறங்கி, இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் அடிமட்டத்தை எட்டும். நோயாளியோ அதற்குள் வீட்டுக்குச் சென்றிருப்பார். இரவில் இசிவு வந்தால் அயலில் யார் உளர்? எல்லோரையும் வைத்தியசாலையில் நிறுத்தி வைத்தலும் இயலாது.

ஓமோனின் இயல்பு வேறு. குருதியிற் கலந்த ஓமோன் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். சுரப்பிகள் ஊறுபட்டால் அக்கணமே அதன் அளவு சரியும். வீட்டிற் களஞ்சியம் நிறைந்திருக்கும்போது பஞ்சத்தை அறிய, களஞ்சியத்தைப் பார்ப்பதிலும் வாய்க்காலில் நீர் வருகிறதா என்று பார்ப்பதே நலம் அன்றோ? 1963ஆம் ஆண்டில் பெர்சன், யலோ என்னும் அமெரிக்க அறிஞர் இந்த ஓமோனைக் குருதியில் அளக்கும் முறையை வெளியிட்டனர். பின்வந்த ஆண்டுகளில் அம்முறை விரைவும் நுட்பமும் பெற்றது. இப்போது சிகிச்சை முடிந்து சில மணி நேரத்திலேயே அதனை அளக்கலாம். ஒரு மில்லிலீற்றரில் 10 முதல் 15 பிக்கோகிராம் அளவுக்குக் கீழே இருந்தால் கல்சியம் குறையக்கூடும் எனக் கொண்டு, இசிவு வருமுன்னரே கல்சியமும் செயற்படு விற்றமின் டியும் கொடுப்பர். அதற்கு மேலிருந்தால் பெரும்பாலும் அச்சமின்றி வீட்டுக்கு அனுப்புவர். ஒரு கிராமை இலட்சங் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறே பிக்கோகிராம். அத்துணைச் சிறிய அளவு ஒரு மனிதரின் அன்றைய இரவைத் தீர்மானிக்கிறது.

ஆயினும் எண் ஒன்றே எல்லாம் சொல்லிவிடாது. ஆய்கூடத்துக்கு ஆய்கூடம் அளவு சிறிது வேறுபடும். நோயாளியிடம் முன்னரே விற்றமின் டி குறைந்திருந்ததா, சுரப்பி மிகை வேகத்தில் இயங்கி எலும்பை வறிதாக்கியிருந்ததா, புற்றின் பொருட்டுக் கழுத்துக் கணுக்களும் அகற்றப்பட்டனவா, எடுத்த சுரப்பியோடு மணியொன்று தவறிச் சென்றதா என்பவற்றையும் சேர்த்தே தேர்ந்த வைத்தியர் முடிவு செய்வார். அகச்சிவப்புக் கதிரில் இம்மணிகள் தாமே ஒளிர்வதைக் கொண்டு, சிகிச்சையின்போதே அவற்றை இனங்காணும் கருவிகளும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளன. கருவி எதுவாயினும் அதன் பின்னே நிற்கும் கொள்கை கொக்கருடையதே. காயம் ஆறிய நாளோடு சிகிச்சை முடிவதில்லை. நோயாளியின் நாளைய நிலையும் வைத்தியரின் பொறுப்பே.

இறுதிக் காலம்

கொக்கரின் சத்திரசிகிச்சை நூல் 1892ஆம் ஆண்டில் முதன்முறை வெளிவந்து, பல பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் கண்டது. பல நாட்டு இளைஞர் பேர்ணை நாடினர். பிற்காலத்தில் மூளைச் சத்திரசிகிச்சையின் தந்தையெனப் போற்றப்பட்ட ஹாவி குஷிங் 1900ஆம் ஆண்டில் அவரிடம் வந்து பயின்றார். 1913ஆம் ஆண்டில் லெனின் தம் மனைவி குறுப்ஸ்காயாவைக் கழலைச் சிகிச்சைக்காகப் பேர்ணுக்கு அழைத்து வந்ததும் கொக்கரின் கூடத்துக்கே. நாடிழந்து அலைந்த புரட்சியாளருக்கும் உள்ளூர் உழவருக்கும் அவர் கத்தி ஒன்றே.

1912ஆம் ஆண்டில் இரண்டு இலட்சம் பிராங்குகளைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கு அவர் வழங்கினார். அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையம் பேர்ணில் இன்றும் உண்டு. 1917ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் நாள் மாலை, அவசர சிகிச்சை ஒன்றுக்கு அழைப்பு வந்தது. எழுபத்தைந்து வயதைக் கடந்த முதியவர் சென்று அதனை முடித்தார். பின்னர் உடல்நலங் குன்றிப் படுக்கையில் வீழ்ந்தார். 27ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச் சென்ற இடுக்கியும் வெட்டுமுறையும் நூலும் பெரியவையே. அவற்றினும் பெரிதாக நான் மதிப்பது, தம் நோயாளருக்கு அவர் எழுதிய அந்த முப்பத்து நான்கு கடிதங்களை. தாம் செய்தது நன்றாக முடிந்தது என்று நம்புபவர் கடிதம் எழுதுவதில்லை. நன்றாக முடிந்ததா என்று அறிய விரும்புபவரே எழுதுவர். இன்று சிகிச்சை முடிந்த மாலையில் ஒரு துளி குருதியை எடுத்து, நாளை மறுநாள் இந்நோயாளியின் விரல்கள் மடங்குமோ என்று கேட்கும் இளம் வைத்தியர் எவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, அக்கடிதங்களின் மரபிலே வந்தவரே ஆவர்.